போலோன்யாவில் ஒரு புரட்டாசி

பயணம் கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்ப்பார்கள். நான் மெனு கார்டைப் பார்த்தேன்.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் என் அலுவலகத்துக்காரர் ஒருவர் இத்தாலி போய் வந்த போட்டோக்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினார். மற்றவர்கள் கோபுரங்களைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான் ஒரு கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்த முழு முழு பன்றித் தொடைகளைப் பார்த்து, “இது எந்த ஊர்?” என்று கேட்டேன். போலோன்யா என்றார். இத்தாலிக்காரர்களே அதற்குக் கொழுத்த ஊர் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் மதுரைக்காரன். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வருடம் நாங்கள் எங்காவது போயே ஆகவேண்டும் என்ற நிலையில் இருந்தோம். வசந்த காலத்தில்தான் கிரீன் கார்டு வந்திருந்தது. அதற்கு முந்தைய பதின்மூன்று வருடங்களும் அமெரிக்காவை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும்போதெல்லாம் திரும்ப விடுவார்களா என்ற பயம். விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்குப் போய், மாதக்கணக்கில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் வீட்டுக்கு ஒன்று உண்டு. கார்டு கைக்கு வந்ததும் எனக்கு வந்த முதல் ஆசை சுதந்திரமாகக் காற்று வாங்குவதல்ல, சாப்பிடுவது.

என் மனைவி மாலதி பரம்பரை சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். ஆனால் இருபது வருடத்தில் என் தட்டைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் சமையல் எல்லாம் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கும் கிரில் அடுப்பில். என் பாத்திரம், என் கரண்டி, என் ஸ்பாஞ்சு எல்லாம் தனி. உள்ளே அவள் ராஜ்ஜியம், வெளியே என் ராஜ்ஜியம், இடையில் ஒரு கண்ணாடிக் கதவு. சமாதானமாக வாழ்ந்து வந்தோம்.

திட்டம் போடும் வேலை இரண்டு மாதம் நடந்தது. மாலதி தேவாலயங்கள், மியூசியம், ஊர் முழுக்க ஓடும் வளைவு நடைபாதைகள் என்று தேடினாள். “மழை பேஞ்சாலும் நனையாம ஊரையே சுத்தலாமாங்க” என்றாள். நான் காலையில் மொர்ததெல்லா, மதியம் கறிக்குழம்பு ஊற்றிய அகல நூடுல்ஸ், மாலையில் பன்றிக்கறி வைத்த குட்டிக் கொழுக்கட்டை சூப் என்று வேளைக்கு ஒரு மிருகத்தை ஒதுக்கினேன். மொர்ததெல்லா என்பது தலையணை சைஸுக்கு இருக்கும் பன்றி இறைச்சி உருளை. அதைச் சீவும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மீட்டிங்குகளில் தலையாட்டியிருக்கிறேன்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, இந்தியன் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். தெரிந்த ஆன்ட்டி ஒருவர் கறிவேப்பிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் பயணப் பெருமை பேசிக்கொண்டிருந்த நான், அவரையும் விடவில்லை.

“ஃபுட் ட்ரிப்பா? எப்ப போறீங்க?”

“செப்டம்பர் கடைசி ஆன்ட்டி. டிக்கெட் சல்லிசா கிடைச்சது.”

“அப்ப புரட்டாசியாச்சேப்பா” என்றார், அடுத்த கட்டை எடுத்தபடி.

நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலேயே புரட்டாசி எல்லாம் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்தில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த மாலதியின் கை அப்படியே நின்றுவிட்டது. காரில் சீட் பெல்ட் போட்ட பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஏங்க, நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“கார்டு வரணும்னு. வந்தா மூணு புரட்டாசி கவுச்சி தொட மாட்டார்னு.”

“மாட்டார்னா? யாரு மாட்டார்?”

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். காரில் எங்கள் இருவரைத் தவிர வேறு ‘ஆர்’ யாரும் இல்லை.

“என் வாயை வச்சு நீ வேண்டிக்கிட்டியா! நீ வேண்டிக்கிட்டா நீ விரதம் இரு!”

“நான்தான் சாப்பிடவே மாட்டேனே. இல்லாததை எப்படிங்க சாமிக்கு விட்டுக்கொடுக்க முடியும்? கஷ்டம் இருந்தாத்தான் அது வேண்டுதல். நம்ம வீட்ல கஷ்டப்படற நாக்கு உங்களோடதுதான்.”

நம் ஊரில் அம்மாக்கள் பிள்ளைகளின் முடியை இப்படித்தான் அவர்களைக் கேட்காமலேயே திருப்பதிக்கு எழுதி வைத்துவிடுகிறார்கள். முடியாவது திரும்ப வளரும். “தேதியை மாத்திடலாமா?” என்றேன். மாற்ற முடியாத டிக்கெட் அது. சல்லிசாகக் கிடைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சான் டியேகோவில் காலேஜில் படிக்கும் மகளிடம் போனில் நியாயம் கேட்டேன். அவள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. “அப்பா, யூ ஆர் கோயிங் டு தி போர்க் கேபிடல் டு ஈட் சாலட்?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மாலதி அன்றிரவு சமைக்கவில்லை, சண்டையும் போடவில்லை. “கார்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு” என்று மட்டும் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சரி, விட்டுத் தொலைக்கிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாப்பாட்டுப் பயணம் ஒன்றைப் பட்டினிப் பயணமாக மாற்றிக்கொண்டு விமானம் ஏறினேன்.

முதல் நாள் போலோன்யாவில் நாங்கள் ஏறிய பஸ் ஊருக்குள் போவதற்குப் பதிலாக ஊரை விட்டு வெளியே போனது. வீடுகள் குறைந்து வயல்கள் வரத் தொடங்கியபோதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் காய்கறிப் பையுடன் இருந்த தாத்தா எங்கள் பெட்டிகளைப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஏதோ கத்தினார். டிரைவர் திரும்பி அதைவிடச் சத்தமாகக் கத்தினார். பின் சீட்டில் இருந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ யாரையோ அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் எங்களை எந்த ஸ்டாப்பில் இறக்குவது என்பதில்தான் அத்தனை பேருக்கும் கருத்து வேறுபாடு. எனக்கு எங்கள் ஊர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது. பே ஏரியாவில் பஸ் ஏறினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இங்கே தாத்தா எங்களோடு இறங்கி, எதிர்ப்பக்க நிறுத்தம் வரை வந்து, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மாலதியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் மாதிரி ஏதோ செய்துவிட்டுப் போனார்.

ஊர் சிவப்பு. கூரை சிவப்பு, சுவர் சிவப்பு, வெயில் விழுந்தால் மனிதர்களும் சிவப்பு. நடுவில் இரண்டு பழைய கோபுரங்கள். அதில் குட்டையானது குடித்துவிட்டு வந்தவர் மாதிரி சாய்ந்து நிற்கிறது. விழுந்துவிடும் என்ற பயத்தில் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். மாலதி அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தாள். எனக்கு மூக்குதான் வேலை செய்தது. எந்தச் சந்தில் திரும்பினாலும் வறுத்த கறியின் வாசனை. நான் வளைவுகளின் கீழ் பெருமூச்சு விட்டுக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் சமையல் வகுப்பு. எப்போதோ நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. சொல்லிக்கொடுத்த ரோசானா அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சப்பாத்திக் கட்டையைவிட மூன்று மடங்கு நீளமான கட்டையால் மாவைத் தேய்த்து மேஜைத்துணி அளவுக்கு விரித்தார். நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் கட்டை நின்றது.

“டாக்டர் சொன்னாரா?” என்றார், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

“இல்லை, மனைவி சொன்னாள். ஒரு மாதம். கடவுளுக்காக.”

“ஓ!” என்று அவர் முகம் மலர்ந்தது. “எங்கள் அம்மாவும் ஈஸ்டருக்கு முன்னால் எங்களை இப்படித்தான் படுத்தினாள்.” பிறகு மாலதியைப் பார்த்துக் கண்ணடித்து, “நீ செய்தது சரி. ஆண்களின் நாக்கு கட்டிப்போட வேண்டியது” என்றார். ஒரு வார்த்தை விடாமல் மாலதிக்குப் புரிந்தது. அமெரிக்காவில் பதின்மூன்று வருடத்தில் கிடைக்காத தோழி அவளுக்கு ஒரே காலையில் கிடைத்துவிட்டாள். எனக்கு மட்டும் தனியாக, கொழுக்கட்டைக்குள் கறிக்குப் பதில் பனீர் மாதிரி ஒரு பாலாடைக்கட்டியை வைத்து, மேலே வெண்ணெயில் ஏதோ இலையைப் பொரித்துப் போட்டுக் கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமாதமாக இருந்தது. ஆனால் என் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த டெக்சாஸ்காரர் கறிக் கொழுக்கட்டையைக் கண்ணை மூடி விழுங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் இருக்கச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பிறகு பழைய மார்க்கெட் சந்துகள். ஒரு கறிக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக உருளைகள், தொடைகள், கொத்துக் கொத்தாகத் தொங்கும் சலாமி என்ற காய்ந்த கறிக்குழல்கள். ஒரு மூலையில் மிளகு பூசி, நூல் கட்டி, உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று கறுப்பாகத் தொங்கியது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடைக்காரர் என் முகத்தைப் படித்துவிட்டார். ஒரு மொர்ததெல்லாத் துண்டைக் காகிதம் மாதிரி சீவி, வெளியே வந்து, என் கையில் வைத்தே விட்டார்.

கையில் இளஞ்சிவப்பாக, லேசாக நடுங்கிக்கொண்டு இருக்கிறது. மாலதி பார்த்தாள்.

“உங்க இஷ்டம்” என்றாள்.

கல்யாணமானவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தைகளின் பொருள் தெரியும். அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். தத்துக் கொடுத்த குழந்தையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டது போல அவர் என்னைப் பார்த்தார்.

அன்று மாலை நடந்ததுதான் வினை. சின்ன உணவு விடுதி ஒன்றில், சைவமா சைவமா என்று இரண்டு முறை கேட்டு, ஆமாம், கறியே கிடையாது என்று பரிமாறும் பெண் சத்தியம் செய்த பிறகு, சதுரமாக உப்பிய பூரி மாதிரி ஒன்றை வாங்கினோம். கூடவே சீஸ். மாலதி கண்ணில் கண்ட எதையும் தொடத் தயங்கி ஒரு தட்டுக் கத்தரிக்காயோடு நிறுத்திக்கொண்டாள். நான் ஆசை தீரப் பூரிகளை உள்ளே தள்ளினேன். என்ன மெது! எப்படி இவ்வளவு மெது என்று அந்தப் பெண்ணையே கேட்டேன். அவள் பெருமையாகச் சொன்னாள்.

“பன்றிக் கொழுப்பு! பொரிப்பதும் அதில், பிசைவதும் அதில்!”

“கறி இல்லை என்றாயே?”

“கறி எங்கே இருக்கிறது? கொழுப்புதானே!” அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாமல் நடந்த பாவத்துக்குத் தண்டனை கிடையாது, ருசி மட்டும் உண்டு என்று ஒரு கணம் உள்ளுக்குள் குதிக்கவும் செய்தேன். எதிரே பார்த்தேன். மாலதியின் முகத்தில் ரத்தமே இல்லை. “பெருமாளே” என்றாள், அவ்வளவுதான். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

காலையில் எழுந்தபோது அவள் குளித்து, நெற்றிக்கு இட்டு, தயாராக நின்றாள். “இன்னிக்கு புரட்டாசி சனிக்கிழமை. ஊருக்கு வெளியே மலை மேல ஒரு கோயில் இருக்காம். நடந்தே போலாம்.”

“அது மாதா கோயில்மா.”

“இருக்கட்டும். மலை மேல இருக்குல்ல? அங்க சொன்னா அவருக்குப் போய்ச் சேந்துடும்.”

அந்த மலைப்பாதையைப் பார்த்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் கூரை போட்ட வளைவு நடை, படியும் சரிவுமாக ஏறிக்கொண்டே போகிறது. திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையில் நிற்பது போல இருந்தது. கோவிந்தா சத்தம் ஒன்றுதான் குறை. அந்தக் குறையையும் மாலதி தீர்த்துவைத்தாள், வாய்க்குள்ளேயே. எங்களைத் தாண்டி ஜாகிங் ஓடுகிறவர்கள் ஒருபக்கம், மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் ஒருபக்கம்.

பாதி வழியில் ஒரு கல்லூரிப் பெண் எங்களோடு சேர்ந்துகொண்டாள். ஏன் ஏறுகிறாய் என்று மாலதி கேட்டாள். பரீட்சை பாஸாகிவிட்டாளாம். “படித்தது நான், வேண்டிக்கொண்டது அம்மா, ஏறுவது மறுபடி நான்” என்று சலித்துக்கொண்டாள். நான் அங்கேயே வளைவுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளோடு கைகுலுக்கினேன். நாங்கள் இருவரும் ஒரே ஜாதி என்று மாலதியிடம் சொன்னேன்.

உச்சியில் கோயிலுக்குள் கறுத்த முகத்தோடு மாதா, மடியில் குழந்தை, சுற்றி வெள்ளிக் கவசம். மாலதி மெழுகுவர்த்தி ஏற்றி வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்தோம். கீழே ஊர் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது.

“பூரிக்காக யாரும் கார்டைப் பிடுங்கிக்க மாட்டாங்க மாலு” என்றேன்.

“தெரியும்” என்றாள். “ஆனா உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை உங்க ஆபீஸ்ல லேஆஃப்னு சொல்லும்போதும், வேலை போனா நாட்டை விட்டே கிளம்பணுமேன்னு நான் மனசுக்குள்ள வீட்டை பேக் பண்ணுவேன். எதை எடுத்துட்டுப் போறது, எதை யாருக்குக் கொடுக்கறதுன்னு. அந்தப் பெரிய சோஃபா வேணாம்னேன்ல? விட்டுட்டுப் போக மனசு வராதுன்னுதான். பொண்ணு நடு வருஷத்துல ஸ்கூல் மாறணுமேன்னு அழுதிருக்கேன். உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பெருமாள்கிட்டதான் சொல்ல முடிஞ்சது. சும்மா கேட்டா தருவாரா? நம்மகிட்ட இருந்த பெரிய ஆசை எதுன்னு பாத்தேன். உங்க சாப்பாடுதான் தெரிஞ்சது.”

பதின்மூன்று வருடமாக இவள் கவலையே படாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, “உள்ள புதுசா ஏதாவது வேண்டிக்கிட்டியா?” என்று பயத்தோடு கேட்டேன். “மன்னிப்பு மட்டும்தான் கேட்டேன்” என்றாள். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அதன் பிறகு மீதிப் பயணம் பறந்தது. நான் சீஸாலும் காளானாலும் பூசணிக்காயாலும் வயிற்றை நிரப்பினேன். அந்த ஊர் ஐஸ்கிரீமுக்குப் பெருமாளிடம் எந்தத் தடையும் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, ஒரே நாளில் மூன்று கடைகளுக்குப் போனேன். கடைசி நாள் காலை மாலதி ரோசானா அம்மாளிடம் விடைபெற்று வருகிறேன் என்று தனியாகப் போய் வந்தாள். நான் வளைவின் கீழ் காபி குடித்துக்கொண்டு, உலகத்திலேயே யோக்கியமான மனிதன் நான்தான் என்ற மிதப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மிதப்பு சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கும்வரை கலையவில்லை. கார்டை எடுத்து நீட்டியபோது வழக்கமான பயம்கூட இல்லை. அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்கே வேலை, எத்தனை நாள், எந்தக் கம்பெனி என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

“சாப்பாட்டுப் பொருள் ஏதாவது? இறைச்சி?”

இந்தக் கேள்விக்கு இத்தனை உரிமையோடு பதில் சொன்னவர் அந்த வரிசையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். “நோ மீட், சார்!” என்று கணீரென்று சொன்னேன். “ஒரு துண்டுகூட இல்லை. நான் விரதம்!”

பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“எஸ்.”

திரும்பினேன். மாலதி கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “எஸ், சார். மீட் இருக்கு. சாரி. கொண்டு வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது.” கார்டு கவுண்டர் மேல் கிடந்தது. அவள் பார்வை அதன் மேலேயே இருந்தது.

எங்களை ஓரமாக இருந்த மேஜைக்கு அனுப்பினார்கள். கையுறை போட்ட அதிகாரிப் பெண் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மிளகு பூசி, நூல் கட்டி, உள்ளங்கை நீளம்.

“நீங்களே சொல்லிவிட்டதால் பிரச்சினை இல்லை” என்றார். “ஆனால் உள்ளே விட முடியாது. யாருக்கு இது?”

“என் ஹஸ்பண்டுக்கு. அடுத்த மாசத்துக்கு.”

“ஏன் அடுத்த மாதம்?”

மாலதி சொன்னாள். புரட்டாசி, பெருமாள், பதின்மூன்று வருடம், கார்டு, பூரி வரை ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஐ ஆம் ஸோ சாரி” என்றார். அதை மெதுவாகவே குப்பைத் தொட்டிக்குள் வைத்தார். கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வெயிலில் டாக்ஸிக்காக நின்றோம். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

“நீயா போய் வாங்கின? கறிக்கடைக்குள்ள?”

“ரோசானா அம்மா கூட வந்தாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஐப்பசி முதல் நாள் தட்டுல வச்சா சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “எது நல்லா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எதைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்களோ, அதைக் காட்டினேன்.”

நான் அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். பெருமாளிடம் மனதுக்குள் சொன்னேன்: மூன்று போதாது, இன்னும் பத்துப் புரட்டாசி என் கணக்கில் எழுதிக்கொள். சொல்லி முடித்த அடுத்த நொடியே பயம் வந்து, ஐந்தாக வைத்துக்கொள் என்று திருத்திக்கொண்டேன்.